வாடகைத்தாயாக முதல்முறை சம்மதிக்கும் முன்: கொழும்புப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அக்கா, கருமுட்டை எங்கட, எல்லாம் எங்கட. உங்கட வயிறு ஒன்பது மாசம் மட்டும்தான்." இப்படிக் கேட்டுக்கொண்டு வருபவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். சிலர் சொந்தக்காரர்கள். பல வருடம் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி, கர்ப்பப்பையை இழந்தோ, அடுத்தடுத்துக் கருக்கலைந்தோ களைத்துப்போன தங்கையாக இருக்கலாம், மச்சாளாக இருக்கலாம். வேறு சிலர் முகம் தெரியாத ஏஜென்ட்கள். இந்த வழிகாட்டி, கேட்கப்பட்ட பெண்ணுக்காக எழுதப்பட்டது. கேட்பவர்களுக்குச் சொல்ல டாக்டர் இருக்கிறார், லோயர் இருக்கிறார். உங்களுக்குச் சொல்ல பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை.

இங்கே பேசப்படும் முறையில் உங்கள் கருமுட்டை சேராது. தம்பதியின் முட்டையும் விந்தும் ஆய்வுகூடத்தில் சேர்க்கப்பட்டு, உருவான முளையம் உங்கள் கர்ப்பப்பையில் வைக்கப்படும். பிள்ளைக்கும் உங்களுக்கும் மரபணுத் தொடர்பு கிடையாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு "பிள்ளை சட்டப்படியும் அவர்களுடையதுதானே" என்று நினைத்துவிடக் கூடாது. இந்த விஷயத்தில் பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

முதல் படி: கேட்பது யார்?

மருந்து, ஸ்கேன், செலவு எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது இது.

சொந்தத்தில் ஒருவர் கேட்டால் உங்களுக்கு "இல்லை" என்று சொல்லும் சுதந்திரம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மாமி வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கேட்கும்போது தலையாட்டுவது சம்மதம் ஆகாது. ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு மாதத்தையும் தரமாட்டேன் என்பவர்கள், கர்ப்ப காலத்தில் உங்கள் உடம்பைப் பற்றிய எந்த முடிவையும் உங்களிடம் விடப்போவதில்லை.

ஏஜென்ட் வழியாக வந்தால் என் கருத்து ஒன்றுதான்: வேண்டாம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவு 1995 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. பணத்துக்கோ வேறு பலனுக்கோ ஆட்களைக் கைமாற்றுவதையும் தத்துக்கொடுப்பதையும் ஊக்குவிக்கும் நோக்கத்தோடு, பிள்ளை பெற்றுத்தரப் பெண்களைத் திரட்டுவதை அது குற்றமாகச் சொல்கிறது. பிறக்காத பிள்ளையைத் தத்துக்கொடுக்கச் சம்மதம் என்று கர்ப்பிணியிடம் காசு கொடுத்து சத்தியக்கடதாசி வாங்குவதும், தாயைப்போல் ஆள்மாறாட்டம் செய்வதும் அதே பிரிவில் வருகின்றன. ஏஜென்ட் நீட்டுகிற "பக்கேஜ்" பெரும்பாலும் இந்த வரிகளுக்குள்தான் போய் விழும்.

வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்றால் இன்னும் கவனம். கம்போடியாவில் 2024-இல் வாடகைத்தாய்களாகக் கொண்டுபோகப்பட்ட 13 பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது. மன்னிப்புக் கிடைத்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆனால் கூண்டில் நின்றது கர்ப்பிணிகள். தாய்லாந்தும் நேபாளமும் 2015-இல் வெளிநாட்டவர்களுக்கான வாடகைத்தாய் முறைக்குக் கதவை மூடின. இந்தியாவில் 2021 சட்டத்தின்படி பணத்துக்காகச் செய்வது குற்றம். சுற்றுலா விசாவில் ஏறச்சொன்னால், "வேலை" என்று சொல்லி ஏறச்சொன்னால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முதலில் அழையுங்கள்.

இரண்டாம் படி: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

இந்தப் பகுதியை உங்கள் கணவரோடு சேர்ந்து இருந்து வாசியுங்கள்.

வாடகைத்தாய் முறைக்கென்று இலங்கையில் தனிச்சட்டம் இல்லை. அனுமதிக்கிற சட்டமும் இல்லை, பெற்றோர் யார் என்று தீர்க்கிற சட்டமும் இல்லை. அதனால் பழைய பொதுச் சட்டங்களே உங்களை ஆளும். பிறப்புப் பதிவில் பிள்ளையைப் பெற்றவள்தான் தாய். ஆஸ்பத்திரி கொடுக்கும் பிறப்பு அறிக்கையில் உங்கள் பெயர்தான் இருக்கும். பிறந்து 42 நாளுக்குள் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும், அதுவும் அந்த விவரத்தோடுதான்.

அடுத்தது, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு. செல்லுபடியான திருமணத்துக்குள் ஒரு பெண் பெறும் பிள்ளை அவள் கணவனுடையது என்றே சட்டம் கொள்ளும். இருவரும் சேர்ந்திருக்க வழியே இருக்கவில்லை என்றோ, கணவன் ஆண்மையற்றவர் என்றோ நிரூபித்தால்தான் அது உடையும். அதாவது, விந்து கொடுத்தவர் கொள்ளுப்பிட்டியில் இருந்தாலும், சட்டத்தில் தகப்பன் கொட்டாஞ்சேனையில் உங்களோடு குடியிருக்கும் உங்கள் கணவர். அவருக்குத் தெரியாமல் இதைத் தொடங்குவது நடக்கிற காரியம் இல்லை. அவருடைய பெயரும் பொறுப்பும் இதில் நேராக மாட்டியிருக்கிறது.

பிள்ளை தம்பதியின் கைக்குச் சட்டப்படி போகவேண்டுமானால் இருக்கும் பாதை தத்தெடுப்பு: 1941-ஆம் ஆண்டின் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டம். தத்தெடுப்பவருக்கு 25 வயது நிறைந்திருக்கவேண்டும், நீதிமன்றம் விசாரிக்கும், உங்கள் சம்மதத்தைக் கேட்கும். நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அதற்காகப் பணம் கைமாறக் கூடாது. தம்பதி வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களானால் விதிகள் மேலும் இறுகும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாதமே விமானம் ஏறலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம்.

இதற்கெல்லாம் குறுக்குவழி ஒன்றைச் சிலர் காதோடு காதாகச் சொல்வார்கள்: பிரசவத்துக்கு, பிள்ளை கேட்கும் பெண்ணின் பெயரிலும் அடையாள அட்டையிலும் நீங்கள் வாட்டில் சேர்ந்துவிட்டால் பிறப்புப் பத்திரம் நேராக அவள் பெயரில் வந்துவிடும் என்று. ஒருபோதும் செய்யாதீர்கள். இது பொய்ப் பதிவு, ஆள்மாறாட்டம். அதைவிட, உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முந்தைய சிசேரியனில் என்ன நடந்தது, உங்கள் இரத்த வகை என்ன என்பதெல்லாம் இன்னொருத்தியின் பைலில் இருக்காது. இரத்தம் பெருக்கெடுத்து ஓடும் நேரத்தில் டாக்டர் பார்ப்பது அந்தப் பைலைத்தான்.

மூன்றாம் படி: உங்களுக்கென்று ஒரு லோயர்

தம்பதியின் லோயர் உங்கள் லோயர் ஆகமாட்டார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. காசு இல்லையென்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம். எழுதும் எதையும் தமிழில் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தில் பென்சிலால் குறித்த இடங்களில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் பழக்கம் இங்கே வேண்டாம். கிளினிக்கின் சம்மதப் படிவத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த ஒருவரை வரிவரியாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

தனிச்சட்டம் இல்லாத நாட்டில் இந்த எழுத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தரும் என்று எந்த லோயரும் உறுதி கொடுக்க முடியாது. அப்படியானால் எழுதுவது எதற்கு? தம்பதி வாயால் சொல்லத் தயங்குகிற விஷயங்கள் எழுத உட்காரும்போதுதான் வெளியே வரும். அந்த மேசையில் கட்டாயம் பேசவேண்டியவை சில.

பிள்ளை குறைபாட்டோடு பிறந்தால்? 2014-இல் வெளியே தெரியவந்த தாய்லாந்துச் சம்பவம் ஒன்றில், இரட்டையரில் டவுன் நோய்க்குறியோடு பிறந்த ஆண்பிள்ளை பெற்றெடுத்த பெண்ணிடமே இருந்துவிட்டது, சகோதரி மட்டும் ஆஸ்திரேலியா போனாள். இங்கே சட்டப்படி தாய் நீங்கள் என்பதால் இந்தக் கேள்வி உங்களுக்கு இன்னும் கனமானது. தம்பதி பிரிந்தால்? 2008-இல் இந்தியாவில் ஒரு ஜப்பானியத் தம்பதி பிள்ளை பிறப்பதற்குமுன் விவாகரத்து செய்துவிட்டார்கள். குழந்தை யாருக்கு என்பது உச்ச நீதிமன்றம் வரை போனது. இருவரும் இறந்துவிட்டால் பொறுப்பெடுப்பவர் யார் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த நபரையும் நேரில் பாருங்கள்.

கருக்கலைப்பு. 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. பிள்ளைக்குக் கடுமையான கோளாறு என்று ஸ்கேனில் தெரிந்தாலும் சட்டம் இடம் தராது. "அப்படி வந்தால் கலைத்துவிட வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் வரி இருந்தால், அது உங்களைக் குற்றத்துக்குத் தள்ளும் வரி. வெட்டச் சொல்லுங்கள். மூன்று கரு தங்கி ஒன்றைக் குறைக்கலாம் என்ற பேச்சும் இதே சிக்கலில்தான் போய் முடியும். அதனால்தான் எத்தனை முளையம் வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். ஒன்று. அதற்குமேல் வேண்டாம்.

செலவு விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். மருந்து, ஸ்கேன், பிரசவம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மறந்துபோவது வேறு: கிளினிக்குக்குப் போய்வரும் த்ரீவீல் காசு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், படுக்கச் சொன்னால் உங்கள் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள், குறைமாதப் பிள்ளைக்கு இன்கியுபேட்டர் கட்டணம், பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து வரும் சிக்கலுக்கான வைத்தியம். உங்கள் பெயரில் ஆயுள் காப்புறுதி ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். இந்தியச் சட்டம் 36 மாத மருத்துவக் காப்புறுதி கேட்கிறது. அதை அளவுகோலாக வைத்துப் பேசலாம்.

நான்காம் படி: உடம்பு தயாரா?

ஏற்கெனவே குறைந்தது ஒரு பிள்ளையைச் சிக்கல் இல்லாமல் நிறைமாதத்தில் பெற்றிருக்கவேண்டும். இது கண்டிப்பான விதி. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 21 முதல் 45 வயது என்கிறது. மொத்தம் ஐந்து பிரசவத்துக்கு மேலும், மூன்று சிசேரியனுக்கு மேலும் போயிருக்கக் கூடாது என்கிறது. இந்தியச் சட்டத்தில் வயது 25 முதல் 35, வாழ்நாளில் ஒரு தடவை மட்டும். நான் அந்த இறுக்கமான எல்லையைத்தான் சொல்வேன்.

உங்களுக்கு இன்னும் பிள்ளை வேண்டுமென்றால் அதை முதலில் பெற்றுவிடுங்கள். அடக்க முடியாத இரத்தப்போக்கில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் திரும்பி வராது.

கிளினிக்கில் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள், தைராய்டு, சீனி, இரத்த அழுத்தம், ருபெல்லா எதிர்ப்புச்சக்தி, கர்ப்பப்பை ஸ்கேன் எல்லாம் செய்வார்கள். தம்பதிக்கும் தொற்றுநோய்ப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று நீங்கள் கேட்கவேண்டும். முளையம் வருவது அவர்களிடமிருந்து. உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால், பிள்ளையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி இப்போதே பேசுங்கள். மனநல ஆலோசகரைத் தம்பதி இல்லாமல் தனியாகச் சந்திக்கவேண்டும் என்றும் கேளுங்கள். முன்பு பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்தால் மறைக்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 2012 முதல் 2021 வரையான பிரசவங்களைப் பார்த்த ஆய்வில், தாயின் உயிரையே பாதிக்கக்கூடிய கடுமையான சிக்கல்கள் இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம், ஐவிஎஃப் (ஆய்வுகூடத்தில் கருவாக்கும் முறை) செய்தவர்களில் 4.3, வாடகைத்தாய்களில் 7.8. கடும் இரத்தப்போக்கும் உயர் இரத்த அழுத்தமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. "ரெண்டு பிள்ளை சுகமாப் பெத்தவள்தானே" என்ற சமாதானம் இங்கே முழுதாகச் செல்லாது.

ஐந்தாம் படி: மாத்திரை, ஊசி, முளையம் வைக்கும் நாள்

மாதவிடாய் தொடங்கியதும், கர்ப்பப்பைச் சுவரைத் தடிக்கவைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் மாத்திரை. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஸ்கேன் செய்து கர்ப்பப்பையின் உட்சுவர் 7, 8 மில்லிமீற்றர் தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கருவைத் தாங்க உதவும் புரோஜெஸ்டரோன் ஹோர்மோன். ஐந்து நாள் வளர்ந்த முளையம் என்றால், புரோஜெஸ்டரோன் தொடங்கி ஐந்து நாள் முடிந்ததும் வைப்பார்கள். இந்தக் காலத்தில் உங்களுக்குச் சொந்தமாகக் கரு தங்கிவிடக் கூடாது, அதனால் டாக்டர் சொல்லும்வரை தாம்பத்தியம் வேண்டாம்.

புரோஜெஸ்டரோன் யோனிவழி மாத்திரையாக இருந்தால் சிரமம் குறைவு. எண்ணெயில் கரைத்த ஊசியென்றால் அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தடித்த திரவம், நீளமான ஊசி, பிட்டத்தின் மேல் வெளிப்பக்கத்தில் ஆழமாகப் போகும். குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடாக்கினால் எண்ணெய் இளகும், வலி குறையும். இன்றைக்கு இடது, நாளைக்கு வலது. போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு, இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் நடங்கள். அப்படியும் கட்டி கட்டியாக வரும், உட்கார முடியாமல் சரிந்து உட்காருவீர்கள். சில மருந்துகளில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ இருக்கும். கச்சானோ எள்ளோ ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லவேண்டும்.

முளையம் வைப்பது சில நிமிட வேலை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கச் சொல்வார்கள், மயக்கமருந்து பொதுவாக இல்லை. அப்புறம் நாள்கணக்கில் படுத்தே கிடக்கத் தேவையில்லை. ஒன்பது முதல் பதினான்கு நாளுக்குள் இரத்தப் பரிசோதனை, ஆறேழு வாரத்தில் இதயத்துடிப்பு ஸ்கேன். இடையில் சிறிது இரத்தம் பட்டால் பயத்தில் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் உடம்பு தானாக அந்த ஹோர்மோனைச் சுரக்காத சுழற்சி இது, பத்துப் பன்னிரண்டு வாரம் வரை மருந்துதான் கருவைத் தாங்குகிறது. டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் நிறுத்தவேண்டும்.

தங்காமலும் போகலாம். அப்போது அந்தத் தம்பதி அழுவார்கள், உங்களுக்குக் குற்ற உணர்வு வரும். அது உங்கள் தவறு அல்ல என்பதையும், எத்தனை முயற்சி வரை சம்மதம் என்பதையும் முன்பே பேசிவைத்திருந்தால் அந்த நாள் கொஞ்சம் இலகுவாகும்.

ஆறாம் படி: கர்ப்ப காலம்

உங்கள் பகுதி குடும்பநல மருத்துவமாதுவிடம் பதிவு செய்யுங்கள். தனியார் ஸ்பெஷலிஸ்டிடம் போனாலும் இதை விடவேண்டாம். அவரிடமும் வாட்டிலும் உண்மையைச் சொல்லுங்கள்: இது ஐவிஎஃப், முட்டை என்னுடையது இல்லை. இரத்த அழுத்தத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க அவர்களுக்கு அது தேவை. தாங்கமுடியாத தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி, முகம் கை திடீரென்று வீங்குவது: இதில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அயலவர்கள் கேட்பார்கள். மட்டக்குளியிலோ வெள்ளவத்தை பிளாட்டிலோ வயிற்றை மறைத்து வாழமுடியாது. "எத்தனை மாசம்?" என்பவர்கள் பிறகு "பிள்ளை எங்க?" என்றும் கேட்பார்கள். இடம் மாறி ஒளிந்திருக்கும் யோசனையை நான் ஆதரிக்கமாட்டேன். தனியே ஒரு வீட்டில் அடைபட்ட கர்ப்பிணிக்கு ஒன்று நடந்தால் ஓடிவர ஆள் இருக்காது. நெருங்கியவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தீர்மானித்து வைத்துக்கொண்டு அதையே சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள்: சித்தியின் வயிற்றில் பாப்பா வளர முடியாது, அதனால் அம்மா வளர்த்துக்கொடுக்கிறேன். சொல்லாமல் விட்டால், பாப்பாவைக் கொடுத்த அம்மா நம்மையும் கொடுத்துவிடுவாளோ என்று சின்ன மனசு தவிக்கும்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த கேள்வியும் வரும். கத்தோலிக்கத் திருச்சபை இந்த முறையை ஏற்பதில்லை, சுன்னி மார்க்க அறிஞர்களில் பெரும்பாலானோரும் ஏற்பதில்லை. பிள்ளை பிறந்தபிறகு இதை யோசித்து வேதனைப்படுவதைவிட இப்போதே உங்கள் மனதோடு தீர்த்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: பிரசவமும் அதற்குப் பின்னும்

காசல் வீதி, டி சொய்சா போன்ற அரச மகளிர் வைத்தியசாலையோ தனியாரோ, கடைசி மாதத்துக்கு முன்பே ஸ்பெஷலிஸ்டோடு உட்கார்ந்து பேசுங்கள். பிறந்தவுடன் பிள்ளையை உங்கள் நெஞ்சில் போட்டுப் பால் கொடுக்கச் சொல்வது இங்கே வழக்கம். பிள்ளையின் கையில் கட்டும் பட்டியில் உங்கள் பெயர்தான் இருக்கும். அதைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்று எந்தப் பெண்ணாலும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. தூக்க விரும்பினால் தூக்குங்கள், விரும்பாவிட்டால் விடுங்கள். அந்தத் தீர்மானத்தில் மாற்றம் வந்தால் அதுவும் உங்கள் உரிமை.

பால் இரண்டு மூன்று நாளில் ஊறி நெஞ்சு கல்லாகும். பிள்ளைக்குப் பால் எடுத்துக்கொடுப்பதா நிறுத்துவதா என்பது உங்கள் முடிவு. நிறுத்த மாத்திரை உண்டு, ஆனால் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் கூடியிருந்தால் அது எல்லோருக்கும் ஏற்றதல்ல. டாக்டரிடம் அதை நினைவுபடுத்துங்கள். நன்றாகத் தாங்கிப்பிடிக்கும் உள்ளாடையும் குளிர் ஒத்தடமும் உதவும்.

வயிறு பெற்றது, கை வெறுமை. வீட்டில் எல்லோரும் "நல்ல காரியம் செய்தாய்" என்று சொல்லும்போதும் அழுகை வரலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது பிள்ளை இல்லையே என்று அவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அவர் பார்க்கவேண்டியது உங்களையும்தான்.

தத்தெடுப்பு வழக்கு முடியும்வரை சட்டத்தின் முன் நீங்கள் தாய். தவணைக்குப் போகவேண்டியிருக்கும், விசாரிக்க அதிகாரிகள் வீட்டுக்கு வரலாம். அந்தப் பயணச் செலவையும் முன்பே கணக்கில் சேர்த்திருங்கள். கட்டளை கிடைத்ததும் அதன் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை நீங்களும் வாங்கிவையுங்கள். பிறப்புப் பத்திரத்தின் பிரதி, சம்மதப் படிவங்கள், கர்ப்பகால அட்டை, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது தரும் நோயறிக்கை எல்லாம் ஒரே பைலில் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், தம்பதியின் அலுமாரியில் அல்ல. நாளைக்கு உங்களுக்கு ஒரு ஒப்பரேஷன் என்றாலும், இந்தப் பிள்ளையைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பினாலும், நீங்கள் காட்டவேண்டியது அந்தப் பைலைத்தான்.